கடலுக்குள் ஒரு சின்னக் கேமரா

வாசகர் கேள்விகள். பதில் சொல்பவர் மண்டபத்தில் உயிரியல் ஆசிரியை. பாம்பன் அருகே பாசி எடுக்கும் குடும்பத்தில் பிறந்தவர். கடலடிப் படங்கள் எடுத்துவருபவர்.

கேள்வி: டீச்சர், தண்ணீருக்குள் எடுக்கும் காம்பாக்ட் கேமரா ஒன்று வாங்கப் போகிறேன். 15 மீட்டர், 25 மீட்டர், 30 மீட்டர் என்று பெட்டியில் போட்டிருக்கிறார்கள். 30 மீட்டர் தாங்குவதையே வாங்கிவிடலாமா? அல்லது கைபேசியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு இறங்கினால் போதுமா? (வங்கி ஊழியர், பரமக்குடி)

பதில்: முதலில் நம் கடலின் ஆழத்தைப் பார்ப்போம், கேமராவின் ஆழத்துக்குப் பிறகு வருவோம். பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். அதன் பெரும்பகுதி 15 மீட்டருக்குள் அடங்கிவிடும். தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் கரையிலிருந்து நெடுந்தூரம் நடந்த பிறகும் இடுப்பளவுத் தண்ணீரில்தான் நிற்போம். தெற்கே மன்னார் வளைகுடாவில் தீவுகளை ஒட்டிய பவளப் பார்களும் பெரும்பாலும் சில மீட்டர் ஆழத்திலேயே இருக்கின்றன. முத்துக் குளித்த பழைய பார்கள் இன்னும் ஆழம்தான். ஆனால் புதிதாகக் கேமரா பிடிப்பவருக்கு அங்கே வேலை இல்லை. மூச்சை அடக்கி மூழ்கப் பழகும் ஒருவர் மூன்று நான்கு மீட்டருக்குக் கீழே போவதே அரிது. 30 மீட்டர் என்ற எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

ஒலிம்பஸ் டஃப் டிஜி-6 உறை இல்லாமல் 15 மீட்டர் தாங்கும். ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்பி140 25 மீட்டர். நிக்கான் கூல்பிக்ஸ் டபிள்யூ300 30 மீட்டர். இந்த மூன்றில் ஆழத்தில் பின்தங்கிய டிஜி-6ஐத்தான் நான் முதலில் சொல்வேன். மிக அருகில் இருப்பதை எடுக்க உதவும் மேக்ரோ அமைப்பில் ஒரு சென்டிமீட்டர் வரை பொருளை நெருங்கிப் போகலாம். லென்ஸ் எஃப் 2.0 வரை திறக்கும் என்பதால் மங்கிய வெளிச்சத்திலும் கை கொடுக்கும். கடலுக்கென்றே ஆழம் குறைந்தது, நடுத்தரம், ஆழமானது என்று, நிறத்தைச் சரிசெய்யும் மூன்று ஒயிட் பேலன்ஸ் அமைப்புகள் உண்டு. பிறகு கணினியில் திருத்த வசதியான ரா கோப்பாகவும் சேமிக்கும். கடையில் நிற்கும்போது ஜூம் எத்தனை மடங்கு என்று கேட்காதீர்கள். தண்ணீருக்குள் ஜூம் உதவாது; அதற்கான காரணத்தை அடுத்த கேள்வியில் விரிவாகச் சொல்லியிருக்கிறேன்.

பெட்டியில் உள்ள ஆழ எண்ணைப் பற்றி இன்னும் ஒரு செய்தி. அது அசையாமல் நிற்கும் தண்ணீரின் அழுத்தத்துக்கான கணக்கு. படகிலிருந்து கேமராவோடு குதிக்கும்போது விழும் அடி வேறு. நீங்கள் இறங்கிய பிறகு படகில் இருப்பவர் கேமராவை உங்கள் கையில் கொடுக்கட்டும்.

கைபேசி வேண்டாம். கைபேசிகளுக்கான நீர்காப்புச் சோதனை நன்னீரில் நடக்கிறது. உப்புநீர் சார்ஜ் துளையை அரித்துவிடும். தண்ணீருக்குள் தொடுதிரை விரலுக்குச் சரியாகக் கட்டுப்படாது. மெல்லிய பிளாஸ்டிக் உறை லென்ஸின் முன்னால் சுருங்கிப் படத்தையும் கெடுக்கும். மிச்சமாகும் பணத்தில் மூக்கையும் சேர்த்து மூடும் நல்ல முகக்கண்ணாடி ஒன்று வாங்குங்கள். நீச்சல் குளத்துக் கண்ணாடி மூக்கை மூடாது. ஆழம் போகப் போக அழுத்தம் கண்களைப் பிடித்து இழுக்கும். உங்கள் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தால்தான் கேமராவை எங்கே நீட்டுவது என்று தெரியும்.

கேள்வி: அரியமான் கடற்கரையில் எடுத்தேன். எல்லாப் படங்களும் பச்சையாக, மங்கலாக இருக்கின்றன. ஃபிளாஷ் போட்டால் படம் முழுக்க வெள்ளைப் புள்ளிகள். கேமராவில் கோளாறா? (கல்லூரி மாணவி, ராமநாதபுரம்)

பதில்: கேமராவில் ஒரு குறையும் இல்லை. உங்களுக்கும் மீனுக்கும் நடுவில் தண்ணீர் அதிகமாக இருக்கிறது. இந்தப் பக்கத்தில் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இதே இடத்தில் வந்து நிற்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

சூரிய ஒளியில் உள்ள நிறங்களில் சிவப்பைத்தான் தண்ணீர் முதலில் விழுங்குகிறது. ஐந்து மீட்டருக்குள் அதில் பெரும்பங்கு போய்விடும். ஆரஞ்சு அதற்குப் பிறகு, மஞ்சள் அதற்கும் பிறகு. இதைக் கேட்டதும், "நான் இரண்டு மீட்டர் ஆழத்தில்தானே இருந்தேன்" என்று கேட்பீர்கள். ஒளி மேலிருந்து இறங்கி வந்த தூரம் மட்டும் கணக்கல்ல; மீனில் பட்டு உங்கள் லென்ஸுக்கு வந்து சேரும் தூரத்தையும் கூட்ட வேண்டும். இரண்டு மீட்டர் ஆழத்தில் இருக்கும் மீனை மூன்று மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் அந்த ஒளி ஐந்து மீட்டர் தண்ணீரைக் கடந்து வருகிறது. சிவப்பு எங்கிருந்து கிடைக்கும்? ஜூம் போட்டால் மீன் பெரிதாகும், நடுவில் உள்ள தண்ணீர் குறையாது. குறைக்க ஒரே வழி, லென்ஸை அகலக் கோணத்தில் வைத்துக்கொண்டு நீங்கள் நெருங்கிப் போவது.

நெருங்குவதிலும் கண் ஏமாற்றும். தண்ணீருக்குள் முகக்கண்ணாடி வழியே பார்க்கும்போது ஒளி வளைவதால் எல்லாம் கால்பங்கு அருகில் வந்ததுபோல் தோன்றும். ஒரு மீட்டர் தள்ளி இருப்பது முக்கால் மீட்டரில் தெரியும். போதுமான அளவு நெருங்கிவிட்டோம் என்று தோன்றும் இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் போக வேண்டும். கைநீட்டினால் தொடும் தூரம் என்பது நம் கடலில் மேல் எல்லை. மன்னார் வளைகுடாவில் தெளிந்த நாளில் ஒரு மீட்டர் வரை தாங்கும். பாக் விரிகுடாவில் அரை மீட்டருக்குள் வாருங்கள். இரண்டு மூன்று மீட்டருக்கு அப்பால் ஒன்றுமே தெரியாத நாட்கள் அங்கே சாதாரணம். அப்படிப்பட்ட நாளில் கூட ஒரு சாண் தூரத்தில் இருக்கும் நண்டு கூர்மையாக விழும்.

வெள்ளைப் புள்ளிகளுக்கு வருகிறேன். நம் தண்ணீரில் மணல் துகளும் மிதவை உயிரிகளும் எப்போதும் உண்டு. பாக் விரிகுடாவின் பச்சை நிறமே பாதி அவற்றால் வருவதுதான். காம்பாக்ட் கேமராவில் ஃபிளாஷ் லென்ஸை ஒட்டியே இருக்கிறது. அதன் ஒளி மீனை அடைவதற்கு முன் நடுவில் உள்ள துகள்களில் பட்டு நேராக லென்ஸுக்குத் திரும்புகிறது. மார்கழிப் பனியில் பஸ்ஸின் முன்விளக்கைப் பிரகாசமாக்கினால் சாலை மறைந்து பனிதான் வெளுப்பாகத் தெரியும் அல்லவா, அதே கதை. எனவே ஃபிளாஷைத் தானியங்கியில் விடாமல் முழுவதுமாக அணைத்துவிடுங்கள். ஒரு சாண் தூரத்தில் உள்ள சிறிய பொருளுக்கு மட்டும் போட்டுப் பார்க்கலாம். அதைவிட நல்லது, தண்ணீர் புகாத சிறிய டார்ச் ஒன்றைக் கேமராவை விட்டு விலக்கி, பக்கவாட்டில் கையை நீட்டிப் பிடிப்பது. ஒளி குறுக்காக வரும்போது துகள்கள் லென்ஸின் எதிரே பளிச்சிடுவதில்லை.

ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கும்போது ஒயிட் பேலன்ஸைக் கையால் அமைப்பது பாதி வேலை. ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டை இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள். எந்த ஆழத்தில் எடுக்கப் போகிறீர்களோ அங்கே தட்டைப் பிடித்து, இதுதான் வெள்ளை என்று கேமராவுக்குக் காட்டுங்கள். ஒன்றிரண்டு மீட்டர் ஏறி இறங்கினால் மறுபடியும் காட்ட வேண்டும். இதற்குச் சோம்பல் படுகிறவர்களின் படங்கள் காலம் முழுக்கப் பச்சையாகவே இருக்கும். ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 100 முதல் 400 வரைக்குள் நிற்கட்டும். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி திரும்பிக்கொள்ளுங்கள்.

கேள்வி: சிவப்பு ஃபில்டர் வாங்கலாமா? (திருப்புல்லாணி வாசகர்)

பதில்: இப்போது வேண்டாம். சிவப்பு ஃபில்டர் நீல நிறத் தண்ணீரில், ஐந்து மீட்டருக்குக் கீழே, வெயில் வெளிச்சத்தில் எடுப்பவருக்கு உரியது. பச்சைத் தண்ணீருக்கு மெஜந்தா நிற ஃபில்டர் என்று தனியாக இருக்கிறது. இரண்டுமே வெளிச்சத்தைக் குடிக்கும். நம் ஆழத்தில் வெள்ளைத் தட்டே போதும்.

கேள்வி: எந்த மாதம், எந்த நேரம் தண்ணீர் தெளிவாக இருக்கும்? (கீழக்கரை வாசகி)

பதில்: கீழக்கரைக்காரர் என்னைக் கேட்பதைவிடப் பக்கத்துத் தெருவில் உள்ள சங்கு குளிப்பவரைக் கேட்டால் இன்னும் துல்லியமாகச் சொல்வார். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நம் மாவட்டத்துக்குக் கிடைத்த வரம், இரண்டு கடல்கள். வடகடலான பாக் விரிகுடாவைப் பெண் கடல் என்றும், தென்கடலான மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் ராமேசுவரம் பக்கம் சொல்வார்கள். கச்சான் காற்று அடிக்கும் மே கடைசி முதல் செப்டம்பர் வரை தென்கடல் கொந்தளித்து மண்ணைக் கிளப்பும். அப்போது வடகடல் அடங்கிக் கிடக்கும். அக்டோபருக்குப் பிறகு வாடைக்காற்று தொடங்கினால் வடகடல் கலங்கும், தென்கடல் கரையோரம் ஒதுக்காக இருக்கும். வாடை தணிந்து கச்சான் தொடங்குவதற்கு முன்னால், பிப்ரவரி பிற்பகுதி முதல் ஏப்ரல் வரை இரண்டு பக்கமும் அமைதி. புதிதாகத் தொடங்குகிறவர் இந்த மாதங்களை விடக்கூடாது. மண்டபத்தில் இருந்தால் இதில் ஒரு வசதி உண்டு. ஒரு பக்கம் கலங்கியிருந்தால் நடந்தே மறுபக்கம் போய்விடலாம்.

மழை பெய்து ஆறும் கண்மாய்களும் பெருகிவிட்டால் ஆற்றங்கரைப் பக்கம் போகாதீர்கள். வைகை கொண்டுவரும் செம்மண் தண்ணீர் அங்கேதான் கடலில் சேருகிறது.

நாளைக்கும் கணக்கு உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீவாடு என்னும் கடல் நீரோட்டம் வலுக்கும். அடியில் உள்ள மண் எழும்பும். அட்டமி, நவமியை ஒட்டிய நாட்களில் ஓட்டம் தளர்ந்து தண்ணீர் தெளியும். கேமராவின் கையேட்டில் இது இருக்காது, சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியில் இருக்கிறது.

நேரம் காலை எட்டரை முதல் பதினொன்று வரை. அதற்கு முன்னால் சூரியன் தாழ்வாக இருப்பதால் ஒளியின் ஒரு பகுதி நீர்ப்பரப்பில் பட்டு வழுக்கிப் போய்விடும். மதியத்துக்குப் பிறகு கடற்காற்று எழுந்து அலையும் எழும். நண்பகலில் ஒளி நேராக இறங்கும் என்பது உண்மைதான். ஆனால் ஆழம் குறைந்த இடத்தில் அலையின் நிழல்கோடுகள் மீன் மேல் வரிவரியாக ஓடிப் படத்தைக் குழப்பும்.

கேள்வி: மீன்கள் ஓடிவிடுகின்றன. என்னிடம் வால் படங்கள்தான் நிறைய இருக்கின்றன. (மண்டபம் முகாம் வாசகர்)

பதில்: துரத்துவதால் ஓடுகின்றன. என் தாயார் மரிக்கொழுந்துப் பாசி எடுக்கக் கடலில் இறங்கியவர். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, காலை அடிக்காமல், உடம்பைத் தளர விட்டு இறங்குவார். பாசி இருக்கும் கல்லைச் சுற்றி மேயும் ஓரா மீன்கள் அவரைக் கண்டு கலைவதில்லை. புதிதாகக் கேமரா வாங்கியவர் அதே இடத்தில் இறங்கினால் துடுப்புக் காலணியின் முதல் உதைப்பிலேயே மணல் புகையாக எழும். மீன் அதைவிட முன்னால் போய்விடும். கேமராவைக் கரையில் வைத்துவிட்டு முதலில் அசையாமல் மிதக்கப் பழகுங்கள். சிரமம் இல்லாமல் மிதக்க முடிகிற நாளில் கேமராவை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஒன்றில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணமே இல்லை.

தொடக்கத்தில் ஓடாதவற்றை எடுங்கள். நட்சத்திர மீன், துறவி நண்டு, கடல் அட்டை, பாறை இடுக்கிலிருந்து தலையை மட்டும் நீட்டும் அஞ்சாளை. அடுத்து, ஓடினாலும் திரும்பி வருபவை. கடல் சாமந்தியில் குடியிருக்கும் கோமாளி மீன் அந்தச் சாமந்தியை விட்டு எங்கும் போகாது. அதன் அருகில் இருக்கும் கல் ஒன்றின் மேல், மீன் வரக்கூடிய அதே தூரத்தில், ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தி ஃபோகஸைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். மீன் அந்த இடத்துக்கு வரும்போது மீதிப் பாதியை அழுத்த வேண்டியதுதான். காம்பாக்ட் கேமராக்கள் பொத்தானை அழுத்தியதற்கும் படம் விழுவதற்கும் நடுவில் சற்றுத் தாமதிக்கும். அதை வெல்ல இதுதான் வழி. வெள்ளி நிறச் செதில் கொண்ட மீன்கள் வெயிலில் வெளிறிப்போகும். படத்தின் வெளிச்ச அளவான எக்ஸ்போஷரை 0.7 அளவு குறைத்து வையுங்கள்.

மேலே மிதந்துகொண்டு கீழ்நோக்கி எடுக்காதீர்கள். பெரும்பாலான மீன்களுக்கு முதுகு கருத்திருப்பதே மேலிருந்து பார்ப்பவன் கண்ணுக்கு அவை அடித்தரையோடு கலந்து மறைவதற்காக. அந்த ஏற்பாட்டை எதிர்த்து உங்கள் கேமரா வெல்லாது. மீனின் கண்மட்டத்துக்கு இறங்குங்கள். முடிந்தால் சற்றுக் கீழே இருந்து, பின்னணியில் தண்ணீரின் நிறம் வரும்படி எடுங்கள். ஃபோகஸ் கண்ணில் இருக்க வேண்டும். கண் கூர்மையாக இருந்துவிட்டால் வால் மங்கினாலும் ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள்.

கேள்வி: கண்ணாடி அடித்தளம் உள்ள படகிலிருந்து எடுப்பதற்கு ஏதாவது வழி? (சென்னை வாசகி)

பதில்: லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வையுங்கள். ஃபிளாஷை அணையுங்கள். உங்கள் தலையையும் கேமராவையும் சேர்த்து ஒரு கறுப்புத் துணியால் மூடிக்கொண்டால் கண்ணாடியில் விழும் பிரதிபலிப்பு நின்றுவிடும். படகு நின்ற பிறகு எடுங்கள்.

கேள்வி: விடுமுறையில் பன்னிரண்டு வயது மகனோடு தனுஷ்கோடி வருகிறோம். அரிச்சல்முனையில் இறங்கி அவன் கடலுக்குள் படம் எடுக்கலாமா? ஒரு நிமிடத்துக்கு மேல் மூச்சடக்குவான். (சென்னை வாசகர்)

பதில்: கூடாது. இரண்டு கடல்களும் சேரும் அந்த முனையில் நீரோட்டம் பெரியவர்களையே இழுத்துக்கொண்டு போகும். மணல் திட்டு நேற்று இருந்த இடத்தில் இன்று இருக்காது. அங்கே கரையில் நின்று பாருங்கள், அது போதும். மகனுக்கு ஆசை இருந்தால் பாக் விரிகுடாப் பக்கம் பிரப்பன்வலசை போன்ற அமைதியான இடத்தில், பயிற்சி பெற்ற ஒருவரின் துணையோடு, லைஃப் ஜாக்கெட் போட்டு, மேலே மிதந்தபடி எடுக்கட்டும். கேமராவில் பளிச்சென்ற நிறமுள்ள மிதவைப் பட்டை கட்டாயம் கட்டுங்கள். டிஜி-6 சுமார் 250 கிராம் எடை. கைதவறினால் நேராக அடிக்குத்தான் போகும், பையனும் அதன் பின்னாலேயே போவான்.

மூச்சடக்குவதைப் பற்றி நீங்கள் பெருமையாக எழுதியிருப்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். மூழ்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டால் இன்னும் அதிக நேரம் தாக்குப்பிடிக்கலாம் என்று பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். அது உயிருக்கு உலை வைக்கும் பழக்கம். மூச்சு விட வேண்டும் என்ற தவிப்பை நமக்குத் தருவது உடம்பில் சேரும் கரியமில வாயு. வேக மூச்சு அதை வெளியேற்றிவிடுகிறது. பிறகு தண்ணீருக்குள் பிராணவாயு தீர்ந்துகொண்டே போகும், ஆனால் தவிப்பு வராது. முன்னறிவிப்பே இல்லாமல் நினைவு தப்பிவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கும் இடுப்பளவுத் தண்ணீரில்கூட இது நேரும். கேமரா கையில் இருக்கும்போது இந்த ஆபத்து இன்னும் கூடுகிறது, இன்னும் ஒரே ஒரு படம் என்று மனம் கேட்பதால். ஒருவர் மூழ்கும்போது இன்னொருவர் மேலே இருந்து அவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தனியாக ஒருவரும் இறங்கக்கூடாது.

கேள்வி: கேமராவை ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவுகிறேன். இருந்தும் மூடியின் விளிம்பில் வெள்ளையாகப் படிகிறது. லென்ஸின் உள்ளே சில நேரம் ஆவி படிகிறது. (விடுதி நடத்துபவர், ராமேசுவரம்)

பதில்: நல்ல தண்ணீர் என்று நீங்கள் சொல்வது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் என்று நினைக்கிறேன். நம் கரையோரத்தில் பல இடங்களில் அது உப்பு. அதில் கழுவிவிட்டுக் காயவைத்தால் உப்பு மறுபடியும் படியும். குடிப்பதற்கு வாங்கும் தண்ணீரில் கழுவுங்கள். நம் மாவட்டத்தில் குடிநீரின் அருமை எனக்குத் தெரியும். ஓட விட வேண்டாம், ஒரு சிறிய பாத்திரத்தில் கேமரா மூழ்கும் அளவு போதும். மூடியைத் திறக்காமல் கால் மணி நேரம் ஊறட்டும். ஊறும்போதே எல்லாப் பொத்தான்களையும் அழுத்தி அழுத்தி விடுங்கள், இடுக்கில் உள்ள உப்பு கரையும். பிறகு துணியால் ஒற்றி நிழலில் உலர்த்துங்கள். ஈரத்தோடு மூடியைத் திறக்கவே கூடாது. கடலிலிருந்து வந்ததும் கழுவ வசதி இல்லையென்றால் ஈரத்துணியில் சுற்றி எடுத்து வாருங்கள். உப்பு காய்ந்து படிகமான பிறகு அதைக் கரைப்பது கடினம். அந்தப் படிகம்தான் மூடியில் உள்ள ரப்பர் வளையத்தை அறுக்கிறது.

அந்த ரப்பர் வளையத்தைத்தான் இந்தக் கேமராவின் உயிர் என்று சொல்ல வேண்டும். ஒரு தலைமுடி, ஒரு மணல் பருக்கை குறுக்கே கிடந்தால் போதும், தண்ணீர் உள்ளே வந்துவிடும். இறங்கும் ஒவ்வொரு முறைக்கும் முன்னால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மென்மையான துணியால் துடையுங்கள். வருடத்துக்கு ஒரு முறை வளையத்தை மாற்றச் சொல்லித் தயாரிப்பாளர்களே அறிவுறுத்துகிறார்கள்.

உள்ளே ஆவி படிவதற்கு வேறு காரணம். ஈரக்காற்றில், கடற்கரையில் நின்றுகொண்டு பேட்டரியை மாற்றி மூடுகிறீர்கள். அந்த ஈரம் கேமராவுக்குள் அடைபடுகிறது. படகுப் பலகையில் வெயிலில் சுட்ட கேமரா தண்ணீருக்குள் போய்ச் சட்டென்று குளிரும்போது அந்த ஈரம் கண்ணாடியில் படிகிறது. பேட்டரியையும் மெமரி கார்டையும் குளிர்சாதன அறையிலோ உலர்ந்த அறையிலோ போட்டு மூடிவிட்டுக் கிளம்புங்கள். படகில் ஈரத் துண்டால் மூடி நிழலில் வையுங்கள்.

கேள்வி: பழைய கேமரா ஒன்று குறைந்த விலைக்கு வருகிறது. வாங்கலாமா? (முதுகுளத்தூர் வாசகர்)

பதில்: வாங்கலாம், மூன்று இடங்களைப் பார்த்த பிறகு. பேட்டரி அறையின் தகடுகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் உள்ளே ஏற்கெனவே தண்ணீர் போயிருக்கிறது, விட்டுவிடுங்கள். லென்ஸில் டார்ச் அடித்துப் பூஞ்சை தெரிகிறதா என்று பாருங்கள். மூடியின் தாழ்ப்பாள் இறுக்கமாக விழுகிறதா என்று பாருங்கள். வாளித் தண்ணீரில் மூழ்க வைத்துக் காட்டி நன்றாக இருக்கிறது என்பார்கள். வாளியின் அழுத்தமும் நான்கு மீட்டர் ஆழத்தின் அழுத்தமும் ஒன்றல்ல. வளையத்தை மாற்றும் வரை மேலே மிதந்து எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சாதாரணக் கேமராவுக்குத் தனி நீர்காப்புப் பெட்டி வாங்குவதாக இருந்தால், கேமராவுக்குப் பதிலாக உள்ளே காகிதக் கைக்குட்டையை வைத்து அரை மணி நேரம் மூழ்கடித்துப் பாருங்கள். காகிதம் உலர்ந்திருந்தால் கேமராவை வைக்கலாம்.

கேள்வி: தீவுப் பக்கம் ஒரு படகுக்காரர் அழைத்துப் போவதாகச் சொல்கிறார். போகலாமா? போன வருடம் மே மாதம் எடுத்த ஒரு படத்தில் பவளம் பால்வெள்ளையாக இருக்கிறது. அது தனி இனமா? உடைந்து கிடக்கும் பவளத்துண்டு ஒன்றை நினைவுக்கு எடுத்து வரலாமா? (மதுரை வாசகர்)

பதில்: தூத்துக்குடி முதல் ராமேசுவரம் வரை உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. அனுமதி இல்லாமல் போவது குற்றம். பிடிபட்டால் அந்தப் படகுக்காரரின் பிழைப்பும் சேர்ந்து போகும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அனுமதி கேட்பதற்கு உரிய காரணங்களில் புகைப்படம் எடுப்பதும் ஒன்றாக இருக்கிறது. வனஉயிரினக் காப்பாளர் அலுவலகம் ராமநாதபுரத்திலேயே இருக்கிறது. முறையாகப் போய்க் கேளுங்கள்.

பவளத்துண்டு கூடவே கூடாது. செத்து உடைந்த துண்டாக இருந்தாலும் வைத்திருப்பது சட்டத்துக்கு விரோதம். 2001இல் பவளங்கள், கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் பாதுகாக்கப்பட்ட உயிரினங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. சட்டத்தை விடுங்கள், அந்தத் துண்டின் இடுக்கில் எத்தனை சிறு உயிர்கள் ஒண்டியிருக்கின்றன என்று மேக்ரோவில் ஒரு முறை எடுத்துப் பார்த்தால் உங்களுக்கே மனம் வராது. படத்துக்காகக் கல்லைப் புரட்டுவது, பவளத்தின் மேல் நிற்பது, கையை ஊன்றுவது எதுவும் வேண்டாம். ஒரு மான்கொம்புப் பவளம் வருடத்துக்குச் சில சென்டிமீட்டர்தான் வளரும்; ஒரு துடுப்புக் காலணி உதைத்தால் பல வருட வளர்ச்சி போய்விடும்.

பால்வெள்ளைப் பவளம் தனி இனம் அல்ல, வெயிலில் வாடியது. பவளத்தின் உடலுக்குள் நுண்பாசி ஒன்று குடியிருந்து அதற்கு நிறத்தையும் உணவையும் தருகிறது. ஏப்ரல், மே மாதங்களில் கடலின் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டி வாரக்கணக்கில் நீடித்தால் பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிடும்; உள்ளே உள்ள சுண்ணாம்புக் கூடு வெள்ளையாகத் தெரியும். மன்னார் வளைகுடாவில் 2010இலும் 2016இலும் இது பெரிய அளவில் நடந்தது. வெளுத்த பவளம் உடனே செத்துவிடுவதில்லை. தண்ணீர் குளிர்ந்தால் பாசி திரும்பி வந்து பிழைத்துக்கொள்ளும். பிழைக்காதவற்றின் மேல் வேறு பாசி படர்ந்து அழுக்குப் பச்சையாகிவிடும்.

அந்தப் படம் உங்களிடம் இருக்கும் படங்களிலேயே மதிப்பு மிக்கது. எடுத்த தேதி, இடம், ஏறத்தாழ ஆழம் மூன்றையும் குறித்து வையுங்கள். கேமராவில் தேதியும் நேரமும் சரியாக வைத்திருப்பது இதற்காகத்தான். அனுமதியோடு மறுபடியும் போக வாய்த்தால் அதே பவளத்தை அதே கோணத்தில் எடுங்கள். பிழைத்ததா இல்லையா என்பதை இரண்டு படங்களும் சேர்ந்து சொல்லும்.

கேள்வி: டீச்சர், நான் பிளஸ் ஒன் படிக்கிறேன். மாமா பழைய காம்பாக்ட் கேமரா கொடுத்தார். படகுக்குக் கொடுக்கப் பணம் இல்லை. கரையிலிருந்தே என்ன எடுக்கலாம்? (தொண்டி மாணவர்)

பதில்: தம்பி, உனக்குப் படகு தேவையே இல்லை. உன் ஊர்க் கடலடியில் இருப்பது புல்வெளி. மீனவர்கள் தாழை என்று சொல்லும் அந்தக் கடற்புல்லைத் தின்றுதான் ஆவுளியா என்ற கடற்பசு வாழ்கிறது. தொண்டிக்கு வடக்கே, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது. ஆவுளியாவைப் படம் எடுக்கும் ஆசையை இப்போதைக்குத் தள்ளி வை. புல்லுக்குள் இறால் குஞ்சு, குழாய் மீன், நண்டு, அதிர்ஷ்டம் இருந்தால் கடல் குதிரை, இவையெல்லாம் முழங்கால் தண்ணீரிலேயே இருக்கின்றன. முகக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குப்புற மிதந்து, ஒரே இடத்தில் பத்து நிமிடம் பார். முதலில் ஒன்றும் இல்லை என்று தோன்றும். பிறகு புல்லின் நிறத்திலேயே ஒட்டிக்கொண்டிருப்பவை ஒவ்வொன்றாகக் கண்ணில் படும். மேக்ரோவில் வைத்து, புல் அசைவது ஓய்ந்த கணத்தில் அழுத்து.

பக்கத்தில் யாராவது பாசி வளர்க்கும் மூங்கில் மிதவை போட்டிருந்தால், உரிமையாளரிடம் கேட்டுவிட்டு அதன் அருகே போகலாம். மிதவையின் நிழலில் மீன்குஞ்சுகள் கூட்டமாக ஒண்டும். கயிற்றைப் பிடித்துத் தொங்காதே, பாசி உதிர்ந்தால் அது ஒரு குடும்பத்தின் வருமானம். கூட ஒரு நண்பனை நிறுத்தாமல் இறங்காதே. முழுக்கைச் சட்டை போட்டுக்கொள். சொறி என்னும் ஜெல்லி மீன் வரும் நாட்களில் கரையேறிவிடு. திருக்கை மணலில் புதைந்து கிடக்கும் என்பதால் காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்து நட.

எடுத்தவற்றில் நல்லதாக ஐந்து படங்களைத் தேர்ந்து இந்த முகவரிக்கு அனுப்பு. கணினியில் திருத்திய படத்தோடு கேமராவிலிருந்து வந்த அசல் கோப்பையும் சேர்த்து அனுப்ப வேண்டும். திருத்தியதை மட்டும் பார்த்தால் ஒயிட் பேலன்ஸ் எங்கே தவறியது என்று என்னால் சொல்ல முடியாது.